பெட்டியில் வரும் கார்: போட்ட காசு மலையேறுமா?

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் கடை வைத்திருப்பவருக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து ஏறிவரும் கூட்டம் என்று அந்த ஒரு மாத வியாபாரம்தான் பலருக்கு மற்ற மாதங்களையும் தாங்கிப் பிடிக்கிறது. இந்தச் சீசன் பேச்சு வந்தாலே மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டமும் பேச்சில் வரும். 1934ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஓட்டம் இலங்கையின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டுப் போட்டி. தேயிலைத் தோட்டத்து வளைவுப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் ஏறும். எதிராளி கடிகாரம்தான். நானுஓயாவுக்கு அப்பால் ரதல்லவிலும் இப்படியொரு ஓட்டம் உண்டு.

இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது கடைக்கு முதலாளியாகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய மகன் இங்கிலாந்திலிருந்து சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உதிரியாக, பெட்டிகளில் வரவழைத்து வீட்டுக் கராஜில் பூட்டப்போகிறானாம். "உதிரிப்பாகமாக வந்தால் உதிரிப்பாக வரிதானே கட்ட வேண்டும்? பூட்டி முடித்து விற்றால் இலாபம் நிற்குமல்லவா?" என்பது கேள்வி. ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு இதில் போகப்போகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டிகளுக்கெல்லாம் மூதாதை 1957இல் இங்கிலாந்தில் கொலின் சப்மன் விற்பனைக்கு விட்ட லோட்டஸ் செவன். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, அதன் மேல் அலுமினியத் தகடு, இரண்டு ஆசனம். கதவும் இல்லை, கூரையும் இல்லை. இயந்திரத்தைக்கூடச் சப்மன் புதிதாகச் செய்யவில்லை. சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடிய 1172 சீசீ ஃபோர்ட் எஞ்சினை எடுத்துப் போட்டார். பின் அச்சு நாஷ் மெட்ரோபொலிட்டன் என்ற இன்னொரு சின்னக் காரிலிருந்து வந்தது. ஊரில் ஓடும் மலிவான சாமான்களை இலேசான கூட்டில் பூட்டுவது, அவ்வளவுதான் தந்திரம்.

அந்த வண்டியை ஏன் உதிரியாக விற்றார்கள்? வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் புதுக் கார் வாங்கினால் கொள்வனவு வரி என்று ஒன்று கட்ட வேண்டும். உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து முதல்வரை பின்பற்றச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1973 ஏப்ரலில் அந்த வரி போய் வற் வரி வந்தது, உதிரிக் காரின் வரிச் சலுகையும் அத்தோடு போயிற்று. அதே ஆண்டு லோட்டஸ் கம்பனி செவனைக் கைவிட, அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் என்ற கம்பனி இன்றுவரை அந்த வண்டியைச் செய்து வருகிறது. ஆக, பெட்டிக் கார் என்பது வரிச் சட்டத்தில் இருந்த ஒரு சந்தில் முளைத்த செடி. அந்தச் சந்து நம் நாட்டில் இருக்கிறதா என்பதுதான் ஹட்டன்காரரின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

அதற்கு முன், பையனின் ஆசையில் நியாயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலைநாட்டுக்கு இலேசான வண்டி என்பது மிகப் பொருத்தமான யோசனை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஐதாகும்போது சாதாரண எஞ்சின் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வலுவை இழக்கும். கொழும்பில் நூறு குதிரைவலு காட்டும் எஞ்சின் இங்கே எண்பத்திரண்டு காட்டினால் பெரிய விடயம். ஆனால் வண்டியின் எடை உயரம் ஏறினால் குறையாது. டர்போ உள்ள எஞ்சின் இந்த நட்டத்தில் பெரும்பகுதியை ஈடுசெய்யும்.

இங்கேதான் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. கேட்டர்ஹாம் 2013இல் அறிமுகப்படுத்திய செவன் 160 என்ற வண்டியில் இருப்பது சுசுக்கியின் 660 சீசீ மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். பின் அச்சு சுசுக்கி எவ்ரி வேனுடையது. ஆம், பேக்கரிக்காரரும் மீன் வியாபாரியும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவரும் நம் ஊரில் ஓட்டுகிறார்களே, அதே எவ்ரிதான். வண்டியின் எடை 490 கிலோ, வலு 80 குதிரை. 2021இல் வந்த செவன் 170 இன்னும் இலேசு, 440 கிலோ. நம் பஜாஜ் முச்சக்கர வண்டியை விட ஒரு நூறு கிலோ போல்தான் அதிகம். ஒரு தொன்னுக்குக் கணக்குப் பார்த்தால் 160 வண்டிக்கு 163 குதிரைவலு வருகிறது. மாருதி அல்ட்டோ 800க்கு எழுபதும் வராது.

இனி விலைக்கு வருவோம். செவன் 160 அறிமுகமானபோது உதிரியாக வாங்கினால் 14,995 பவுண். கம்பனியே பூட்டிக் கொடுத்தால் ஏறத்தாழ 3,000 பவுண் கூட. வீட்டில் பூட்ட 80 முதல் 100 மணித்தியாலம் போகும் என்பது கம்பனியின் கணக்கு. அதாவது ஒரு மணித்தியால வேலைக்கு முப்பது பவுண் மிச்சம். இங்கிலாந்துக்காரனுக்கு அது பெரிய இலாபம், ஏனென்றால் அங்கே மெக்கானிக் கூலி நெருப்பு விலை. நம் ஊரில் ஒரு நல்ல பாஸின் நாட்கூலியை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அங்கே மிச்சமாகும் கூலி இங்கே ஒரு மிச்சமே இல்லை. பவுணைத் தோராயமாக 400 ரூபாவாக எடுத்தாலும் அன்றைய உதிரி விலையே 60 இலட்சம். இன்று அந்த விலைக்கு அது கிடைக்கவும் மாட்டாது. பெயின்ட், கூரைத் துணி, சூடாக்கி போன்றவை இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் தனிக் கணக்கு. கப்பல் கூலி அதற்கு மேல்.

சரி, வரி? சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்துவதற்கு உலக நாடுகள் பின்பற்றும் ஒரு பொது முறை இருக்கிறது. இலங்கைச் சுங்கமும் அதைத்தான் பின்பற்றுகிறது. அதன் பொது விளக்க விதிகளில் 2(அ) என்று ஒரு விதி. ஒரு பொருள் முடிக்கப்படாமல் வந்தாலும், அதன் அடிப்படைத் தன்மை அதில் இருந்தால் அது முழுப் பொருளாகவே கொள்ளப்படும். கழற்றிய நிலையில், பூட்டப்படாமல் வந்தாலும் அப்படியே. செசி, எஞ்சின், கியர் பெட்டி, சில்லு எல்லாம் ஒரே கொள்கலனில் வந்து இறங்கினால், அது எத்தனை பெட்டியில் இருந்தாலும் சுங்கத்தின் கண்ணுக்குக் கார்தான். கார் என்றால் சுங்கத் தீர்வை, எஞ்சினின் அளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீத வற் வரி. இறக்குமதிக் கட்டுப்பாடும் காருக்குரியதே பொருந்தும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும். அந்த ஐந்து வருடத்தில் எத்தனை வாகன வியாபாரிகள் கடையைச் சாத்தினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, வேறு வேறு பெயரில் இறக்கலாம், எனக்கு ஆளிருக்கிறது" என்று உங்களுக்கு ஒருவர் சொல்வார். எப்போதும் அப்படி ஒருவர் இருப்பார். பொருள் பிடிபடும் நாளில் அவருடைய தொலைபேசி வேலை செய்யாது.

சுங்கத்தைத் தாண்டினாலும் அடுத்த சுவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எந்தத் தாளில் இருந்து வந்தன என்று காட்ட முடியாத வண்டிக்கு இலக்கத் தகடு இல்லை. பதிவுள்ள ஒரு பழைய வண்டியில் எஞ்சினை மாற்றினாலே திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நாடு இது. அப்படியிருக்க, கூட்டையே மாற்றிவிட்டுப் பழைய புத்தகத்தை வைத்து ஓடுவது விளையாட்டல்ல. விபத்து என்று ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கிலாந்தில் இப்படிப் பூட்டிய வண்டிகளைத் தனியாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க 1998இல் இருந்தே ஒரு முறை இருக்கிறது. அடையாளம் நிச்சயமில்லாத வண்டிக்கு 'கியூ' எழுத்தில் தொடங்கும் இலக்கத் தகடு கொடுப்பார்கள். அந்த வசதியை நம்பித்தான் அங்கே அந்த வியாபாரமே ஓடுகிறது. ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய இடம் திணைக்களம். கௌண்டரில் நின்றவர் வாயால் சொன்னதை வைத்து அறுபது இலட்சத்தை அனுப்பக் கூடாது.

கோயம்புத்தூர்க்காரர் செய்த வேலை

பையனின் ஆசையை அடியோடு மூடிவிடச் சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது, அதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணமும் இருக்கிறது.

கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் என்ற தொழிலதிபர் இருந்தார். மில் குடும்பத்துப் பிள்ளை, கார் ஓட்டத்தில் பைத்தியம். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்கும் சக்தி இந்தியப் பையன்களுக்கு இல்லை என்பதைக் கண்டு, 1980களின் கடைசியில் ஓர் ஆள் மட்டும் ஓட்டும் சிறிய ரேஸ் வண்டியை அவரே உருவாக்கினார். ஃபோர்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எஞ்சின் எது தெரியுமா? தெருவெல்லாம் ஓடிய மாருதி 800 காரின் 796 சீசீ எஞ்சின். எந்தக் கடையிலும் பிஸ்டன் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் திறந்து மூடுவான். அந்த வண்டியில் ஓட்டத் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபோர்முலா வன் ஓடிய முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் உள்ள ஓட்டத் திடல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த வண்டிகள் வீதிக்கானவை அல்ல, ஓட்டத் திடலுக்கு மட்டும். ஆகவே இலக்கத் தகடு என்ற சுவர் அங்கே குறுக்கே வரவில்லை. ஹட்டன்காரரின் மகனும் மலையேற்றப் போட்டிக்கு மட்டும் என்று, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கும் வண்டியாக ஒன்றைச் செய்யலாம். போட்டியை நடத்தும் கழகத்தின் விதிப் புத்தகத்தை முதலில் வாங்கி, எந்தப் பிரிவில் எந்த அளவு எஞ்சின், உருளும்போது தலையைக் காக்கும் கூண்டுக்கு எத்தனை தடிப்புக் குழாய் என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். முடித்த பிறகு பார்த்தால் வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

சாமானுக்கு இங்கிலாந்து தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கினால் விபத்தில் நொறுங்கிய எவ்ரி வேனின் எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். எவ்ரியில் எஞ்சின் நீளவாட்டில் இருந்து பின் சில்லை ஓட்டுவதால் இந்த மாதிரி வண்டிக்கு அப்படியே பொருந்தும். முன் சில்லை ஓட்டும் அல்ட்டோ போன்றவற்றின் எஞ்சினை எடுத்தால் கியர் பெட்டிக்கு வேறு வழி தேட வேண்டும். வாங்கும்போது வயரிங் கட்டு, கம்பியூட்டர் பெட்டி, டேஷ்போர்டு மீற்றர் மூன்றையும் சேர்த்தே பேசி வாங்குங்கள். எஞ்சினை மலிவாகக் கொடுத்துவிட்டு, கம்பியூட்டர் பெட்டிக்கு மறுநாள் தனி விலை சொல்வது அந்தச் சந்தையின் பழைய வழக்கம். துறைமுகத் தாளும் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். களவு எஞ்சின் என்று தெரியவந்தால் ஆசையும் போய் மானமும் போகும்.

கூடு செய்வதற்கு ஒரு புத்தகமே இருக்கிறது. ரொன் செம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுணுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் செய்வது எப்படி என்று 1996இல் எழுதினார். பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட்டை உடைத்து, ஓர் அங்குலச் சதுரக் குழாயில் கூடு செய்யும் முறை. 250 பவுணுக்கு முடித்தவர்கள் எத்தனை பேரோ, ஆனால் அதைப் பார்த்துத் தொடங்கியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். குழாயின் தடிப்பு 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஹார்ட்வெயார் முதலாளியின் மகன் கடையில் கிடக்கும் நாகம் பூசிய ஜீ.ஐ. குழாயை எடுத்துவிடக் கூடாது. அதைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், பற்றும் பலமாக நிற்காது.

வேலைக்காரர்களுக்கு ஹட்டனில் பஞ்சமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலரும் டிரையரும் நூற்றைம்பது வருடமாக இங்கே பிட்டர்களையும் டர்னர்களையும் வளர்த்து வந்திருக்கின்றன. பிரவுன்ஸ் கம்பனியே 1875இல் ஹட்டனில் தோட்ட இயந்திர வேலைக்கென்று தொடங்கப்பட்டதுதான். தோட்டத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு பிட்டர், பையன் புத்தகத்தில் ஒரு மாதம் தேடுவதை ஒரு பின்னேரத்தில் காட்டிக் கொடுத்துவிடுவார். அவருக்குக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

மழை நம் பகுதியில் தனி விடயம். வட்டவளையும் கினிகத்தேனையும் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. இரும்புக் கூட்டின் மேல் அலுமினியத் தகட்டை நேரடியாக ரிவெட் அடித்தால், இடையில் ஈரம் தேங்கி அலுமினியம் மாவாகக் கொட்டும். இரண்டுக்கும் நடுவில் பெயின்டும் சீலரும் கட்டாயம். மூக்கையும் மட்கார்டையும் ஃபைபரில் செய்துவிட்டால் துருவைப் பற்றிய கவலை பாதி குறையும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆயிரம் கிலோவுக்குச் செய்த பிரேக்கை ஐந்நூறு கிலோ வண்டிக்குப் போட்டால் நன்றாகத்தானே பிடிக்கும் என்று நினைப்போம். எடை குறைந்த வண்டியில் சில்லு ஈரப் பாதையில் சீக்கிரமே இறுகி வழுக்கும். முன் சில்லுக்கு முந்திப் பின் சில்லு இறுகினால் வண்டி அந்த இடத்திலேயே சுழலும். முன் பின் அளவைச் சரிசெய்யும் வால்வைப் பூட்டி, வெறும் மைதானத்தில் மெதுவான வேகத்தில் பார்த்துத்தான் மலைக்குப் போக வேண்டும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் றம்பொடை போன்ற நீண்ட இறக்கத்தில் கொதித்துவிட்டால் மிதி வெறுமனே தரைக்குப் போகும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், வண்டி தயாரானதும் போட்டி நாள்வரை பொறுக்காமல் இரவில் தோட்டப் பாதையில் ஒரு சுற்று ஓடிப் பார்க்கும் ஆசை வரும் என்பதுதான். செவன் போன்ற வண்டியில் உட்கார்ந்தால் கண்மட்டம் லொறியின் சில்லுக்குடத்துக்கு நேரே இருக்கும். மூடுபனியில் லொறிக்காரருக்கு அது தெரியாது. பாதையோரம் கொழுந்துக் கூடையோடு போகும் பெண்களையும், பாடசாலைப் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஓட்டத்தில் இருந்த கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது அனுமதியோடு, ஆயத்தங்களோடு நடந்த போட்டி. அனுமதியில்லாமல் ஓடுவதற்கு என் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை ஆதரவும் கிடையாது.

இலாபம் எங்கே இருக்கிறது?

பூட்டி விற்று இலாபம் பார்க்கலாமா என்ற கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில், இல்லை. வீதியில் ஓட்ட முடியாத வண்டிக்கு இந்த நாட்டில் வாங்குபவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பாதியில் நின்றுபோன வண்டியின் நிலைமை அதைவிட மோசம். அதைப் பார்க்க வருபவர் மீதி வேலையின் செலவைக் கழிக்க மாட்டார், அந்த வேலையில் என்ன பிழை ஒளிந்திருக்குமோ என்ற பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். செய்வதானால் பொழுதுபோக்கு என்று கணக்கெழுதி, கடையின் சுழற்சிப் பணத்தில் கை வைக்காமல், லீசிங் பக்கம் போகாமல், மாதாமாதம் மிச்சமாவதில் செய்ய வேண்டும். இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

வியாபாரம் என்று பார்த்தால் வண்டியில் இல்லை, வண்டிக்குத் தேவையான பாகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மொறிஸ் மைனர் கார்களைத் திருத்தும் ஒரு நிலையம் இருந்தது. மொறிஸ் மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் வைத்திருப்பவர்கள் விடுவதாக இல்லை, தகடுகளுக்கும் பாகங்களுக்கும் தேவை இருந்துகொண்டே இருந்தது. 1990களில் அந்த நிலையத்தின் உரிமையாளர் சார்ல்ஸ் வெயார் இலங்கைக்கு வந்து, இங்குள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து டியூறபிள் கார் கம்பனி என்ற பெயரில் அந்தப் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கினார். மைனரைக் கைவிடாமல் வைத்திருந்த நாடு என்பதால் அதன் ஒவ்வொரு தகடும் நம் டின்கரிங் பாஸ்மாருக்குக் கைப்பாடம். இங்கே கையால் அடித்த தகடு இங்கிலாந்துக் காரில் ஏறியது.

செவன் மாதிரி வண்டிகளும் அப்படித்தான். உலகமெங்கும் வீட்டுக் கராஜ்களில் அவற்றைப் பூட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்கார்ட், மூக்கு, ஆசனக் கூடு, அலுமினியப் பெற்றோல் தாங்கி என்று பாகங்கள் வேண்டியிருக்கின்றன. ஹட்டன்காரருக்கு நான் எழுதிய பதிலில் மகனை முதலில் ஒரு ஃபைபர் மட்கார்ட் அச்சைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். தன் வண்டிக்கு நான்கு எடுத்த பிறகும் அச்சு கையில் இருக்கும். ஐந்தாவதை விற்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.